உறைந்த கடலில் ஒரு கிணறு

சூரியன் எங்களை விட்டுப் போய்ச் சில வாரங்கள் ஆன பிறகு, கடல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கெட்டிப்பட்டு, இனி கோடை வரும்வரை கப்பலும் இல்லை விமானமும் இல்லை என்று ஆகிவிட்ட பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை பிரம்மசக்தி கடல்பனியில் போட்ட துளை மட்டும் மூடிக்கொள்ளவில்லை. மற்றத் துளைகள் எல்லாம் அவள் முதுகைத் திருப்பியதும் ஆடை கட்டி, சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கல்லாகிவிடும். இது மறுநாளும் திறந்தே கிடந்தது, அடுத்த வாரம் சோற்றுப்பானை அகலத்துக்கு வந்தது, மாதம் முடிவதற்குள் எங்கள் தோட்டத்துக் கிணறு அளவுக்கு வாய் விரித்து, சுற்றிலும் ஆவி பறக்கத் தளும்பாமல் நின்றது. நான் கரூர்க்காரன், தென்துருவக் கண்டத்தில் இருந்த எங்கள் நிலையத்தில் மின்சாரத்துக்குப் பொறுப்பு. கிணற்றைப் பார்த்ததும் மோட்டார் வைக்கலாமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பிரம்மசக்தி தூத்துக்குடிக்காரி. பெயர் வாயில் நுழையாத வடக்கத்தி நண்பர்களுக்குச் சக்திஜி, எங்களுக்குப் பிரமு. கடல்பனியும் அதற்கு அடியில் கிடக்கும் தண்ணீரும்தான் அவள் படிப்பு, வேலை, பேச்சு எல்லாம். வாரம் ஒருமுறை பனிவண்டியில் போய், துளைக்கருவியால் ஆள் உயரத்துக்குப் பனியைத் தண்டாக உருவி எடுத்து, முருங்கைக்காய் நறுக்குவது போலத் துண்டு போட்டு, டப்பாக்களில் உருகவைத்து, எந்தத் துண்டில் எவ்வளவு உப்பு என்று பார்ப்பாள். கடல் உறையும்போது உப்பைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது, வெளியே தள்ளிவிடும், தள்ளப்பட்ட உப்புத் தண்ணீர் கனத்துப்போய் ஆழத்துக்கு இறங்கும், அப்படி இறங்குகிற தண்ணீர்தான் உலகத்துக் கடல்களையெல்லாம் மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருக்கிறது என்று அவள் சாப்பாட்டு மேசையில் விளக்கி முடிப்பதற்குள் எங்கள் தோசை ஆறிவிடும்.

அவள் அப்பா சுயம்புலிங்கம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். கடல்நீரைப் பாத்தியில் கட்டி, வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனதும் மிஞ்சுகிற உப்பை, நீளக் கம்பில் மாட்டிய பலகையால் இழுத்து வரப்பில் அம்பாரமாகக் குவிப்பது அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. இடதுகைக்காரர். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று எல்லாரும் வலது வரப்பில் குவிக்கும்போது இவர் மட்டும் இடது வரப்பில் குவிப்பாராம். தூரத்திலிருந்து பார்த்தாலே இது சுயம்பு வாரின பாத்தி என்று தெரியுமாம். மகள் பனிக்கடலுக்குப் போகிறாள் என்று தெரிந்தபோது அவர் குளிரைப் பற்றிக் கேட்கவில்லை, சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அங்க உப்பு வெளையுமா?"

வந்து சொல்கிறேன் என்று சிரித்துக்கொண்டே கிளம்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு தொலைபேசியில் எப்போது பேசினாலும் அவர் முதலில் அதைத்தான் கேட்பார், இவளும் வந்து சொல்லுதேன், அதுவரைக்கும் இருங்க என்பாள். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, ஒருமுறை நெஞ்சுவலி வந்து பிழைத்த மனுஷன், கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை எங்கேயும் போகமாட்டார், அதனால்தான் சொல்லவில்லை என்றாள். சொல்வதென்றாலும் இங்கே பனி உப்பைத் துப்பிவிடும், விளையவே விளையாது என்றுதான் சொல்லவேண்டியிருக்கும், அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை என்றும் சொன்னாள்.

கிணற்றில் அவள் வெப்பமானியை இறக்கிப் பார்த்தபோது அது ஊர்க் கடலின் சூட்டைக் காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று வேறொன்றை இறக்கினாள், அதுவும் அதையே சொன்னது. பிறகு கையுறையைக் கழற்றி விட்டுக் கையையே விட்டுப் பார்த்தாள், அதோடு அவளுக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. யாருடைய கடல் என்பதில்தான் சண்டை வந்தது. வங்காளத்து வானிலைக்காரர் இது எங்கள் கடல், வாசனையே சொல்கிறது என்றார். சமையல்காரர் சூசைநாயகம் குளச்சல்காரர், அவர் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பிவிட்டு, சந்தேகமே வேண்டாம், எங்க ஊருதான் என்றார். ஒரு நாள் காலை, காலை என்று கடிகாரம் சொன்ன அந்த இருட்டில், கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பன்னீர் இலை மிதந்து வந்தது. மடித்த இலைக்குள் நனைந்த விபூதி ஒட்டிக்கொண்டிருந்தது. இலையில் விபூதி தருவது திருச்செந்தூர்க் கோயிலில்தான் என்று பிரமு சொன்னதும், தோற்றவர்கள் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்கள்.

இலை வந்ததில் எங்களுக்கு ஆச்சரியமில்லை, அதை என்ன செய்வது என்பதுதான் கவலை. அந்தக் கண்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு, வெளியிலிருந்து வந்தது எதுவும் அங்கே தங்கக் கூடாது. நிலையத் தலைவர் நேகி சார் கட்வால் மலைக்காரர், வேலைக்கு வரும்வரை கடலையே பார்த்திராதவர், சட்டத்தை மட்டும் நெஞ்சில் எழுதி வைத்திருந்தவர். கப்பலில் இருந்து இறங்கும் முன் எங்கள் ஒவ்வொருவரின் சட்டைப்பைத் தையலையும் பிரஷ்ஷால் தேய்த்து ஊரிலிருந்து ஒட்டி வந்த புல்விதையைத் தேடி எடுத்தவர். ஆரஞ்சுத் தோலாகட்டும், தேய்ந்த செருப்பாகட்டும், நாங்கள் கழிப்பதாகட்டும், எல்லாம் பீப்பாயில் அடைபட்டு, வெளியிலிருந்து வந்தது, திருப்பி அனுப்ப வேண்டியது என்று சீட்டு ஒட்டப்பட்டு, கோடையில் வரும் கப்பலில் ஊருக்கே திரும்பிப் போகும். பன்னீர் இலையும் அப்படியே பீப்பாய்க்குப் போனது. பின்னால் வந்த தேங்காய் நார், ஷாம்பு உறை, ஒற்றை ரப்பர் செருப்பு எல்லாம் அதைத் தொடர்ந்து போயின.

சாளை மீன் வந்த அன்றுதான் சட்டம் திணறியது. வெள்ளிக் கம்பி போல நாலைந்து துள்ளி விழுந்தன. சூசைநாயகம் கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றார், நேகி சார் பீப்பாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு நேகி சாரே ஒரு வழி கண்டுபிடித்தார். தின்றால் அது நம் வயிற்றுக்குள் போகிறது, வயிற்றிலிருந்து போவது எப்படியும் பீப்பாய்க்குத்தான் போகிறது, பீப்பாய் ஊருக்குத்தான் போகிறது, ஆகவே தின்பதும் திருப்பி அனுப்புவதும் ஒன்றுதான் என்றார். அன்று இரண்டு கவளத்துக்கு ஒரு துணுக்கு என்று பங்கு வைத்துச் சாப்பிட்டோம். சைவக்காரரான வானிலைக் கருவி மெக்கானிக் கூடக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு, இது சட்டத்துக்காக என்றார்.

அப்படியே கிணறு எங்கள் வீட்டுக் கிணறாகிவிட்டது. கால் மரத்தவர்களை டாக்டர் அங்கே அனுப்பி வைத்தார். பனிவண்டிகளைப் பழுதுபார்க்கும் பஞ்சாபி மெக்கானிக் தினமும் வேலை முடிந்ததும் விளிம்பில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து கையை நனைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவது போலப் பேசிக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போன் செய்தபோது முதலில் எல்லாரும் இந்த விஷயத்தைச் சொன்னோம், வீட்டில் எங்களுக்காகப் பயந்து போனார்கள், ஒருத்தர் மனைவி மந்திரித்த கயிறு கட்டுவதாக நேர்ந்துகொண்டாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டோம். இருட்டில் வாழ்கிறவர்களுக்கு எது சாதாரணம் எது இல்லை என்று பகலில் இருக்கிறவர்களுக்கு விளக்க முடியாது.

ஆடி அமாவாசை அன்று கிணறு கறுத்துவிட்டது. ஊரில் கடற்கரை பூராவும் ஜனங்கள் நின்று செத்துப்போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள். விட்ட எள்ளெல்லாம் எங்கள் கிணற்றில் வந்து ஏறிக்கொண்டே இருந்தது, கூடவே தர்ப்பைப் புல்லும் கரைந்த சோற்று உருண்டையும். எள் என்றால் விதை. முளைக்கக்கூடிய விதை என்றால் அந்தச் சட்டத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. நேகி சார் முகம் வெளிறிப்போய் எல்லாரையும் அழைத்தார். டீ வடிகட்டி, சல்லடை, கொசுவலைத் துண்டு என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு, முறை வைத்து நின்று, யார் யாருடைய அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் யாரோ விட்ட எள்ளை ஒன்று விடாமல் வடித்து எடுத்தோம். அன்று யாரும் கேலி பேசவில்லை. கையில் கறுப்பாக ஒட்டிக்கொண்ட எள்ளைத் துடைக்கும்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டில் போனவர்கள் ஞாபகம் வந்தது.

கடலில் விட்டது இங்கே வரும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. ஆனால் அன்றிலிருந்தே கிணறு சுருங்கவும் தொடங்கியது. சூரியன் திரும்பி வந்து தொடுவானத்தில் சிறிது நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற நாட்கள் அவை. விளிம்பில் புதுப்பனி ஆடை ஆடையாக உள்ளே நகர்ந்தது, தண்ணீரின் சூடு குறைந்தது, பஞ்சாபி மெக்கானிக் தன் பெட்டியை நாளுக்கு நாள் முன்னால் தள்ளிப் போட்டு உட்கார வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் சுயம்புலிங்கம் செத்துப்போனார். உப்பளத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பிரமுவின் தம்பி ஐகோர்ட் துரைதான் போன் செய்தான். அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து நேகி சார் அவனை ஒரு நீதிபதி என்றே நினைத்துக்கொண்டிருந்தார், அது குலசாமி பெயர் என்று நாங்களும் திருத்தவில்லை. வண்டி இல்லை, கப்பல் இல்லை, பறந்து போக வழியில்லை. முகத்தைப் பார்க்க முடியாது என்பது எங்கள் எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டு வந்த அன்றே தெரிந்த விஷயம்தான், தெரிந்திருந்தால் மட்டும் வலிக்காதா என்ன. பிரமு சமையலறையில் போய் உட்கார்ந்து சூசைநாயகத்திடம் மட்டும் சொன்னாள்.

"கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாவ அண்ணாச்சி. நான் சொல்லவே இல்ல."

சூசைநாயகம் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று மதியம் நாங்கள் பிஸ்கட்டைத் தின்றோம்.

தகனம் முடிந்த அன்று அவள் தம்பியைக் கூப்பிட்டாள், பக்கத்தில் நான் இருந்தேன், செயற்கைக்கோள் தொலைபேசியைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். மறுநாள் காடாத்து, பால் ஊற்றி எலும்பும் சாம்பலும் எடுப்பார்கள், அவர்கள் வீட்டு வழக்கப்படி அதைத் தாமிரபரணியில் கரைப்பார்கள்.

"எலே துரை, ஆத்துல வேண்டாம். கடல்ல கரை. திருச்செந்தூர்க் கடல்ல."

"அத்தை சண்டைக்கு வாராவ அக்கா. தாத்தாவ ஆத்துலதான கரைச்சோம்."

"அப்பாவக் கடல்ல விடு. நான் இங்க வாங்கிக்கிடுதேன்."

அவன், சரிக்கா என்றான். ஏன் எப்படி என்று கேட்காத அந்தப் பையனை நான் இதுவரை பார்த்ததில்லை, ஆனால் அன்றிலிருந்து அவன் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மறுநாள் கிணறு மறுபடி சோற்றுப்பானை அகலத்துக்கு வந்திருந்தது. நாங்கள் எல்லாரும் போனோம், ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள ஒருவரை மட்டும் விட்டுவிட்டு. பிரமு முழங்காலிட்டுப் புதுப்பனியைக் கைக்கோடரியால் செதுக்கித் தள்ளிக்கொண்டே இருந்தாள், அவள் செதுக்குவதும் அது வளர்வதும் ஒரே வேகத்தில் நடந்தன. பஞ்சாபி மெக்கானிக் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து செதுக்கினார். வடிதுணியும் வாளியும் பிடித்தபடி நேகி சார் தள்ளி நின்றார், அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குப் பாவமாக இருந்தது. ஊரில் பஸ் கிளம்பியிருக்கும், கோயில் வாசலைத் தாண்டியிருப்பார்கள், கடலுக்குள் இறங்கியிருப்பார்கள் என்று சூசைநாயகம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், சொல்லி முடித்து அவர் வாய் மூடின பிறகும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது, ஆவி கூடக் குறைந்துவிட்டது, டாக்டர் குனிந்து பிரமுவின் தோளைத் தொட்டு எழுப்பப் போனார்.

அரளிப்பூ ஒன்று மேலே வந்தது. பிறகு சாமந்தி. பிறகு சாம்பல் பானையின் வாயைக் கட்டியிருந்த சிவப்புத் துணி. அதன் பின்னால் ஆழத்திலிருந்து, அரிசி களைந்த தண்ணீர் போல, வெளிர்ச் சாம்பல் நிறம் மெல்லப் புகைந்து ஏறி, கிணறு முழுக்க நிறைந்தது. பிரமு கையுறைகளைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் முழங்கை வரை உள்ளே விட்டாள்.

"வந்துட்டீயளா அப்பா."

கையை உள்ளேயே வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினாள். நிலையத்திலேயே நன்றாகப் பேசத் தெரிந்தவள் அவள். சூசைநாயகம் அங்கியின் உள்ளே வைத்துக் கொண்டுவந்திருந்த குடுவையைத் திறந்து, பவுடரில் கலக்கிய பாலைக் கொஞ்சம் ஊற்றினார். நேகி சார் அப்போது தற்செயலாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் பிரமுவின் பக்கத்தில் வந்து நின்றார். நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள் என்றார் இந்தியில். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் சார், எடுத்துவிடுவோம் என்று பிரமுவே சொன்னாள். கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசியைப் பிடிக்க அவள் வைத்திருந்த மெல்லிய வடிதாள்களைத் தானே எடுத்து வந்து விரித்தாள். நாங்கள் வாளி வாளியாக மொண்டு ஊற்றினோம், தெளிந்த தண்ணீரைத் திரும்பக் கிணற்றில் விட்டோம். வங்காளத்துக்காரர், மலையாளி டாக்டர், பஞ்சாபி, கட்வால்காரர், குழம்பு மட்டும் சாப்பிட்ட மெக்கானிக், எல்லாருடைய கையும் அந்தச் சாம்பலில் பட்டது. தூத்துக்குடியில் ஒரு மகன் பால் ஊற்றிச் சாம்பல் எடுத்ததை இங்கே இத்தனை பேர் சேர்ந்து திருப்பிச் செய்தோம். வடிந்ததை ஜெனரேட்டர் அறைச் சூட்டில் நான் காய வைத்தேன், காய்ந்ததைப் பால்பவுடர் டப்பாவில் இட்டோம், வெளியிலிருந்து வந்தது, திருப்பி அனுப்ப வேண்டியது என்று எல்லாவற்றுக்கும் ஒட்டுகிற சீட்டையே பிரமு அதற்கும் ஒட்டினாள். அந்த டப்பா பீப்பாய்க்குப் போகவில்லை, அவள் அறையிலேயே இருக்கட்டும் என்று நேகி சார் சொன்னார். அன்று கிணற்றிலிருந்து நிலையத்துக்குத் திரும்பிய வழியில் அவள் அழுதாள், எடுத்துவிட்டோமே என்பதற்காக அல்ல, எதிரில் வந்து நின்றபோதும் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையே என்று. விளையாது என்று எப்படி அண்ணாச்சி சொல்லுவேன் என்று சூசைநாயகத்திடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் அவள் வாளியையும் வாங்கிக்கொண்டு நடந்தார்.

அடுத்த நாள் காலையில் வானிலைக்காரர்தான் ஓடிவந்து எங்களைக் கூப்பிட்டார். கிணறு மூடிவிட்டது. மூடினதோடு மட்டுமில்லை, வந்து பாருங்கள் என்றார்.

புதுப்பனியின் மேல் பூ பூப்பது பிரமுவுக்குப் புதிதல்ல. கடல் புதிதாக உறையும்போது தள்ளப்பட்ட உப்பில் கொஞ்சம் மேலேயும் கசிந்து, காசு அகலத்தில் வெள்ளைப் பூக்களாக நிற்கும், விரல் பட்டால் பொடியாகும், அதை எத்தனையோ முறை அளந்து எழுதியிருக்கிறாள். இது அப்படி இல்லை. நேற்றுவரை கிணறு இருந்த இடத்தில், அது முன்பு விரிந்திருந்த முழு அகலத்துக்கும், பனி பாத்தி பாத்தியாக வரப்புக் கட்டி நின்றது. பாத்தியின் தரையில் பலகை இழுத்த கோடுகள், ஒன்றை ஒன்று தொடாமல், நேராக. இழுத்த உப்பு முழங்கால் உயரத்துக்கு அம்பாரமாகக் குவிந்திருந்தது. தொடுவானத்தில் அப்போதுதான் எழுந்த சூரியனுக்கு முதுகு காட்டி நின்று பார்த்தால், அத்தனை அம்பாரமும் இடது வரப்பில்.

பிரமு வரப்பில் கால் படாமல் நடந்து போய், ஒரு அம்பாரத்தின் முன்னால் குனிந்து, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நேகி சார் அவளுக்குப் பின்னால் வாளியோடு நின்றார். சட்டப்படி அவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வியைத்தான் கேட்டார், ஆனால் இவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. சக்திஜி, இது வெளியிலிருந்து வந்ததா, இங்கேயே உண்டானதா என்றார்.

பிரமு அவர் பக்கம் திரும்பவில்லை. தரையில் இருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வெளையுதுப்பா. இங்கயும் வெளையுது."

நேகி சாருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்தார். இங்கே விளைந்தது என்கிறாள் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கையில் இருந்த வாளியைப் பனியின் மேல் கவிழ்த்து வைத்தார்.